கடல் எந்திரங்களின் கதை - 17: ஸாந்தோவின் வயிற்றில் இருந்த எஞ்சின்

ராபர்ட் நேப்பியர் தன் முதல் கப்பல் எஞ்சினை லெவன் என்ற துடுப்புச்சக்கரக் கப்பலுக்காகச் செய்ததையும், அந்தக் கப்பல் உழைத்து ஓய்ந்த பிறகும் எஞ்சின் ஓயாமல் வேறொரு கப்பலுக்குக் குடிபோனதையும் சென்ற இதழில் பார்த்தோம். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் அந்த எஞ்சின் இன்றும் பொதுமக்கள் பார்வைக்கு நிற்கிறது. அதே டம்பார்ட்டனில் டென்னி குடும்பத்தார் 1848-ல் ஓர் இரும்புக் கப்பலைக் கட்டி நீரில் இறக்கினார்கள். அதன் பெயர் ஸாந்தோ. பழைய எஞ்சின்களை அடையாளம் காணும் கலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் ஒரே ஒரு கப்பலைப் படித்தால் போதும் என்றால், நான் இந்தக் கப்பலைத்தான் கைகாட்டுவேன்.

ஸாந்தோ பிறக்கும்போது அதற்கு இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள் இருந்தன. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஊருக்கு ஊர் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கும் சிறு கப்பல் அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தது. 1871-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டூவர்ட் என்பவர் அதை வாங்கினார். பதிவேட்டில் அவருடைய தொழில் உலோக வணிகம் என்று இருக்கிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால் காயலான் கடைக்காரர். அவர் கைக்குப் போன கப்பலை உடைத்து எடைக்கு விற்பதுதான் வழக்கம். ஸ்டூவர்ட் அப்படிச் செய்யவில்லை. துடுப்புச் சக்கரங்களையும் அவற்றைச் சுழற்றிய எந்திரத்தையும் கழற்றிவிட்டு, பின்புறம் புரொப்பெல்லரைப் பொருத்தி, எங்கிருந்தோ கிடைத்த பத்து வயது எஞ்சின் ஒன்றை உள்ளே இறக்கி, கப்பலை விற்பனைக்கு வைத்தார்.

வாங்கியவர் சார்ல்ஸ் எட்வர்ட் பிராட்ஹர்ஸ்ட். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் ஒரு தொழில் விட்டு ஒரு தொழில் என்று மாறிக்கொண்டே இருந்தவர். அப்போது மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் முத்துக்குளிப்பு சூடு பிடித்திருந்தது. முத்துச் சிப்பிப் படகுகளுக்குத் தாய்க்கப்பலாகவும், கரையோரம் சரக்கும் ஆட்களும் ஏற்றவும் தனக்கு ஒரு நீராவிக் கப்பல் வேண்டும் என்று நினைத்தார். 1872-ல் ஸாந்தோ அங்கே போய்ச் சேர்ந்து அந்தக் குடியேற்றத்தின் முதல் கரையோர நீராவிக் கப்பல் ஆனது. டச்சுக்காரர்களின் பட்டேவியாவிலிருந்து மலாய்ச் சிறுவர்களை முத்துக்குளிக்க ஏற்றி வந்ததும் இந்தக் கப்பல்தான். பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அவர்கள். பிராட்ஹர்ஸ்டின் தொழில் திறமையைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கப்பலின் ஆஸ்திரேலிய வாழ்க்கை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1872 நவம்பரில் வடக்கிலிருந்து திரும்பும் வழியில் போர்ட் கிரெகரி என்ற சிறு துறையில் ஈயத் தாதுவை ஏற்றினார்கள். கேப்டன் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் பிராட்ஹர்ஸ்ட் அளவுக்கு மீறி ஏற்றச் சொன்னார். ஜெரால்ட்டனை நோக்கிப் புறப்பட்ட கப்பலுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. மறுபடி போர்ட் கிரெகரிக்கே திருப்பினார்கள். உள்ளே நுழைந்ததும் மணல் திட்டில் முட்டியது. உள்ளே ஏற்கெனவே நின்ற தண்ணீர் தடுப்புச் சுவர்களை உடைத்துக்கொண்டு எஞ்சின் அறைக்குப் பாய்ந்து பாய்லர் அடுப்பை அணைத்தது. நெருப்பு அணைந்தால் நீராவி இல்லை. நீராவி இல்லாவிட்டால் பம்பு இல்லை. கரையிலிருந்து சுமார் 100 மீட்டர் தூரத்தில், 5 மீட்டர் ஆழத்தில், ஸாந்தோ மெல்ல உட்கார்ந்தது.

1979-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கடல்சார் தொல்லியல் சங்கத்துத் தன்னார்வ முக்குளிப்பாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 1983-ல் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் மைக்கேல் மெக்கார்த்தி தலைமையில் முறையான ஆய்வு தொடங்கியது. இரும்பு நீராவிக் கப்பல்களைத் தொல்லியலாளர்கள் பெரிதாக மதிக்காத காலம் அது. நூறு வருடத்து இரும்பில் என்ன தெரிந்துகொள்ள இருக்கிறது, எல்லாம்தான் காகிதத்தில் இருக்கிறதே என்பது பொதுவான எண்ணம். ஸாந்தோவைப் பற்றிய காகிதங்களும் இருந்தன. ஆனால் முக்குளித்தவர்கள் மணலுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தபோது, 1871-ல் ஒரு வணிகக் கப்பலில் யாரும் எதிர்பார்க்கும் எஞ்சினாக அது இல்லை.

அது கிடையாகப் படுத்திருந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் முனையிலிருந்து மெல்லிய பிஸ்டன் தண்டு வர வேண்டிய இடத்தில் ஒரு பெரிய, தடித்த, உள்ளே வெற்றான குழாய் வந்தது. மறுமுனையிலும் அதே குழாய் வெளியே நீண்டது. கடலடியில் முருகைக்கல்லும் சிப்பியும் துருவும் சேர்ந்து விரல் கணக்கில் போர்த்திய பின்பும் அந்தக் குழாய்களை மறைக்க முடியவில்லை. எஞ்சின் வரலாறு படித்த ஒருவர் அதைப் பார்த்தால் ஒரே பெயர்தான் நினைவுக்கு வரும்: ஜான் பென், கிரீனிச்.

இந்தக் குழாயைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரண நீராவி எஞ்சினில் பிஸ்டனோடு ஒரு தண்டு சேர்ந்திருக்கும். அந்தத் தண்டின் முனையில் ஒரு குறுக்குத் தலை. அதிலிருந்து இணைப்புத் தண்டு. அதன் முனையில் கிராங்க். இவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நிற்பதால் எஞ்சின் நீளும். புரொப்பெல்லர் வைத்த போர்க்கப்பலில் எஞ்சினைக் குறுக்குவாட்டில் படுக்க வைக்க வேண்டும், அதுவும் எதிரியின் குண்டு தொடாதபடி நீர்மட்டத்துக்குக் கீழே. கப்பலின் அகலமோ அவ்வளவுதான். ஜான் பென் பிஸ்டன் தண்டையே எடுத்துவிட்டார். பிஸ்டனோடு ஓர் அகலக் குழாயைச் சேர்த்து, இணைப்புத் தண்டை அந்தக் குழாய்க்குள் விட்டு, பிஸ்டனின் நடுவிலேயே ஊசி போட்டுப் பிணைத்தார். தண்டு ஆடுவதற்குக் குழாயின் அகலம் இடம் கொடுத்தது. எஞ்சினின் நீளம் வெகுவாகக் குறைந்தது. மறுமுனைக் குழாய் வழியாகக் கையை விட்டு நடு ஊசிக்கு எண்ணெய் போடலாம். டிரங்க் எஞ்சின் என்று இதற்குப் பெயர். இதன் கரு ஜேம்ஸ் வாட்டின் காலத்திலேயே இருந்தது என்றாலும், கடலில் ஓடவைத்துக் காட்டியவர் பென்தான். 1860-ல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் கடற்படையின் இரும்புக் கவசக் கப்பல் வாரியருக்கு 1,250 பெயரளவுக் குதிரைத்திறன் கொண்ட டிரங்க் எஞ்சினைச் செய்து கொடுத்தவரும் அவரே. போர்ட்ஸ்மத்தில் வாரியர் இன்றும் மிதக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் எஞ்சின் பின்னாளில் செய்து வைத்த மாதிரி வடிவம். ஸாந்தோவின் எஞ்சினுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயரளவுக் குதிரைத்திறன் என்று சொன்னேன். பழைய ஆவணங்களில் எஞ்சினைத் தேடுகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. பிஸ்டனின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிஸ்டன் ஒரு நிமிடத்தில் நகரும் அடிகளால் பெருக்கி, 6,000-ஆல் வகுத்தால் வருவது இந்த எண். நீராவியின் அழுத்தம் எல்லா எஞ்சினிலும் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டுதான் என்று வாட் காலத்தில் வைத்துக்கொண்ட கணக்கு அது. பிற்பாடு அழுத்தம் எங்கோ போய்விட்டது, கணக்கு மாறவில்லை. ஆகவே ஒரு பதிவேட்டில் 60 என்று இருந்தால் அந்த எஞ்சின் உண்மையில் அதைப்போலப் பல மடங்கு இழுத்திருக்கலாம். டிரங்க் எஞ்சினில் இன்னொரு சிக்கலும் உண்டு: பிஸ்டனின் பரப்பில் குழாய் அடைத்துக்கொள்ளும் வட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் நீராவி தள்ளும் பரப்பைக் கணக்கிட வேண்டும். இதைக் கழிக்க மறந்தால் எஞ்சின் தவறான வரிசையில் போய் உட்காரும்.

ஸாந்தோவின் எஞ்சின் 1861-ல் பென் பட்டறையில் செய்தது, 60 பெயரளவுக் குதிரைத்திறன் வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தபோது கதை வணிகத்திலிருந்து போருக்குத் திரும்பியது. அந்த வகை, பிரிட்டிஷ் கடற்படையின் பீரங்கிப் படகுகளுக்கு என்றே வடிவமைத்தது.

1854-ல் கிரிமியப் போரில் இறங்கியபோது பால்டிக் கடலின் ஆழமில்லாத ரஷ்யக் கரைகளை நெருங்க பிரிட்டனிடம் தகுந்த கப்பல் இல்லை. பெரிய போர்க்கப்பல்கள் தொலைவிலேயே நிற்க வேண்டியிருந்தது. கொஞ்ச ஆழத்தில் ஓடும் சிறு பீரங்கிப் படகுகள் டஜன் கணக்கில் தேவைப்பட்டன, அதுவும் உடனே. மர உடலை எந்தக் கட்டுதுறையிலும் கட்டிவிடலாம். எஞ்சின்? பென் ஒரு காரியம் செய்தார். மாதிரி எஞ்சின் ஒன்றைப் பகுதி பகுதியாகக் கழற்றி, நாட்டில் உள்ள நல்ல பட்டறைகளுக்கெல்லாம் ஒவ்வொரு பகுதியாக அனுப்பி, இதே போலத் துளியும் மாறாமல் இத்தனை வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். வந்த பகுதிகளைச் சேர்த்துப் பூட்டினார். 90 நாளில் 90 எஞ்சின் என்று பொறியியல் வரலாற்று நூல்கள் இதைச் சொல்லும். வேறு வேறு ஊர்களில் வேறு வேறு கைகள் செய்த பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தின என்பதுதான் இதில் பெரிய செய்தி.

பொருந்தியதற்கு ஜோசப் விட்வொர்த் காரணம். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தன் போல்ட்டுக்குத் தானே மரை வைத்துக்கொண்டது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி அளந்து, 1841-ல் ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. அரை அங்குல போல்ட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு 12 மரை, முக்கால் அங்குலத்தில் 10, ஓர் அங்குலத்தில் 8. பழைய எஞ்சின் ஒன்று கையில் கிடைத்தால் அனுபவசாலிகள் பெயர்த்தகட்டைத் தேடுவதற்கு முன் மரை அளவியை எடுத்து ஒரு போல்ட்டில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். பெயர்த்தகடு இரண்டு திருகில் நிற்கும் பித்தளை. அதை யாரும் கழற்றலாம், வேறு எஞ்சினில் மாட்டலாம், ஞாபகத்துக்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சிலிண்டர் மூடியில் வரிசையாக இறங்கியிருக்கும் போல்ட்டுகளை யாரும் மாற்றி ஏமாற்றுவதில்லை. அதே நேரம் விட்வொர்த் மரையை மட்டும் வைத்துக்கொண்டு வருடம் குறித்துவிடவும் முடியாது. அந்த அளவு அதன் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் புழக்கத்தில் இருந்தது. மரையும் வடிவமும் பட்டறையின் பதிவேடும் ஒரே பக்கம் கைகாட்டினால்தான் நம்பலாம். ஸாந்தோவில் அப்படிக் கைகாட்டின.

அப்படியானால் கடற்படை எஞ்சின் கிளாஸ்கோ பழைய இரும்புக் கடைக்கு எப்படி வந்தது? அவசரத்தில் கட்டிய பீரங்கிப் படகுகளுக்குக் காயாத பச்சை மரத்தைப் போட்டிருந்தார்கள். கரையேற்றி வைத்த படகுகள் நின்ற இடத்திலேயே உளுத்தன. எஞ்சின்களோ புதிது போல இருந்தன. கடற்படை அவற்றில் பலவற்றை மறுபடி பயன்படுத்தியது: 1867-68-ல் இறங்கிய பீக்கன் வகைப் படகுகளில் இரட்டைப் புரொப்பெல்லரைச் சுழற்றியவை பழைய கிரிமியப் படகுகளிலிருந்து கழற்றிய எஞ்சின்களே. எஞ்சின்கள் உடலிலிருந்து பிரிந்து தனியாகக் கைமாறிய காலம் அது. கப்பலின் பிறந்த ஆண்டை வைத்து எஞ்சினின் வயதைச் சொல்லக் கூடாது என்று இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப எழுதி வருவது இதனால்தான். 1848-ன் உடல், 1861-ன் எஞ்சின், 1871-ன் கல்யாணம். ஒரே ஆண்டை எழுதினால் எந்த ஆண்டை எழுதினாலும் தவறு.

இனி, அந்த எஞ்சின் அந்தக் கப்பலுக்குப் பொருந்தியதா என்ற கேள்வி. பீரங்கிப் படகின் எஞ்சினில் கண்டென்சர் கிடையாது. வேலை முடிந்த நீராவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகப் பாய்லருக்குத் திரும்பாது; வெளியே போய்விடும். அதற்கு ஈடாகப் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தாய்நாட்டுத் துறைகளுக்குப் பக்கத்தில், போர் நடக்கும் சில மாதம் மட்டும் ஓடும் படகுக்கு இது குறையில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கரையில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கடல் நீரை ஊற்றினால் உப்பு படியும். உப்பு படிந்தால் பாய்லர் சூட்டை வாங்காது, நிலக்கரி கூடுதலாகப் போகும், கடைசியில் தகடு கருகும். நிலக்கரியோ வெளியிலிருந்து வர வேண்டிய சரக்கு. பழுது பார்க்கத் தகுந்த பட்டறை கிட்டத்தில் இல்லை. இதையெல்லாம் அடுக்கினால் பிராட்ஹர்ஸ்ட் ஏமாந்த ஆள் என்று முடிவு கட்டத் தோன்றும். அவருடைய காலத்துக்குப் பின் எழுதியவர்கள் பலரும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள்.

எனக்கு அந்த முடிவில் பாதிதான் சம்மதம். பட்டறை இல்லாத ஊரில் ஓடப்போகும் கப்பலுக்கு, நூறு படகில் ஓடிப் பழகிய, பகுதி பகுதியாக மாற்றத்தக்க, உதிரி பாகம் அச்சு மாறாமல் கிடைக்கக்கூடிய எளிய எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு நட்டும் பொது அளவில் இருக்கிறது என்றால், கடலுக்கு நடுவில் ஒரு எஞ்சின்மேனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! கப்பலை மூழ்கடித்தது எஞ்சினின் வடிவம் அல்ல. இருபத்துநான்கு வயதுக் கப்பலின் தேய்ந்த உடலும், கேப்டன் சொல்லைக் கேட்காமல் ஏற்றிய ஈயமும்தான் மூழ்கடித்தன. எஞ்சினைத் தனியாகப் படிக்காமல் இருந்திருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

அதைப் படிக்க முதலில் வெளியே எடுக்க வேண்டும். கடலில் கிடந்த வார்ப்பிரும்பு விசித்திரமான பொருள். அதில் உள்ள இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும்; கார்பன் கிராஃபைட்டாக அப்படியே நிற்கும். வெளித்தோற்றம் மாறாது. வார்ப்பின் விளிம்பும் எழுத்தும்கூடத் தெரியும். ஆனால் பேனாக்கத்தியால் சீவினால் சீவ வரும். அதற்குள் உப்பின் குளோரைடு ஊறியிருக்கும். அப்படியே தூக்கிக் காற்றில் காயவிட்டால் வெடித்து, பிளந்து, சில மாதங்களில் தூளாகும். தேனிரும்பு வேறு மாதிரி அரிக்கும். நார் நாராகப் பிரியும். பக்கத்தில் பித்தளை இருந்தால் இரும்பு தன்னைக் கொடுத்துப் பித்தளையைக் காக்கும். ஒரே எஞ்சினில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பூட்டிக் கிடந்தன.

அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு விஞ்ஞானி இயன் மெக்லியாட் எஞ்சினைத் தூக்குவதற்கு முன்பே கடலடியில் வைத்தியத்தைத் தொடங்கினார். இரும்பைவிட எளிதில் அரிக்கும் உலோகக் கட்டிகளை எஞ்சினோடு கம்பியால் இணைத்தார்கள். அரிப்பு கட்டிக்கு மாறியது, எஞ்சினில் நின்றது. உள்ளே ஊறிய குளோரைடும் வெளியேறத் தொடங்கியது. மூழ்கிய கப்பலின் எஞ்சினுக்குக் கடலிலேயே இப்படி முன் சிகிச்சை கொடுத்தது அந்த நாளில் புதிய முயற்சி. 1985-ல் எஞ்சினை மேலே எடுத்து ஃபிரிமேண்டிலுக்குக் கொண்டுபோய்க் காஸ்டிக் சோடா தொட்டியில் இறக்கி, மின்சாரம் செலுத்தி, மிச்சக் குளோரைடை வருடக் கணக்கில் வடித்தார்கள். போர்த்தியிருந்த பாறைத்தோலைப் பொறுமையாக உடைத்து நீக்கி, பகுதி பகுதியாகக் கழற்றினார்கள். கடலுக்குள் நூறு ஆண்டு கிடந்த எஞ்சினின் நட்டைக் கழற்றுவது என்றால் ஒரு பகுதிக்கே வாரக் கணக்கில் ஆகும். அருங்காட்சியகத்தில் நடந்த அந்தக் கழற்றலையே மெக்கார்த்தி ஓர் அகழாய்வாகத்தான் நடத்தினார்: எந்தப் பகுதி எந்த நிலையில் நின்றது, எது தேய்ந்தது, எது காணவில்லை, எது சரியாகப் பூட்டாமல் இருந்தது என்று குறித்துக்கொண்டே போனார்கள். கப்பல் காகிதங்கள் சொல்லாத பராமரிப்பு வரலாறு அந்தக் குறிப்புகளில் வந்து சேர்ந்தது. அதிக அழுத்தத்தில், அதிகச் சுழற்சியில் ஓடியதும், முதன்முதலாகத் தொகையாக உற்பத்தி செய்ததுமான கப்பல் எஞ்சின் வகையில் உலகில் தெரிந்தவரை மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்று உறுதியானதும் அதற்குப் பிறகுதான்.

பகுதிகள் மறுபடி பூட்டப்பட்டன. 2006-ல் அந்த எஞ்சினைக் கையால் சுழற்ற முடிந்தது. இன்று ஃபிரிமேண்டிலில் உள்ள கப்பற்சேத அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அங்கே போகிறவர்கள் ஒரு பக்கமாக நின்று டிரங்க் குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டும். இணைப்புத் தண்டு உள்ளே போய் நடு ஊசியில் பிணைவதும், தண்டு ஆடுவதற்காகப் பென் விட்டுவைத்த இடமும் கண்ணால் பார்த்தால்தான் விளங்கும். படத்தில் எவ்வளவு வரைந்தாலும் விளங்காது.

பென்னின் குழாய்க்கு நீண்ட ஆயுள் கிடைக்கவில்லை. குழாயின் உட்புறம் எப்போதும் காற்று, வெளிப்புறம் சிலிண்டருக்குள் இருக்கும்போது நீராவி. சூடு அதன் வழியே வீணாகப் போனது. குழாயின் சுற்றளவு பெரிது என்பதால் அடைப்பு உராய்ந்தது, கசிந்தது. அழுத்தம் கூடக் கூட இந்தக் குறைகளும் கூடின. கிரிமியப் போருக்காகக் கடற்படை அவசரப்பட்டுக்கொண்டிருந்த அதே 1854-ல், கிளைடு நதிக்கரையில் ஜான் எல்டர் என்ற பொறியாளர் பிராண்டன் என்ற கப்பலுக்கு இரண்டு விதமான சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினைப் பூட்டினார். சிறிய சிலிண்டரில் வேலை செய்துவிட்டு வந்த நீராவி பெரிய சிலிண்டரில் இன்னொரு முறை வேலை செய்தது. நிலக்கரிச் செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எல்டரின் அந்தக் கூட்டு எஞ்சினை எந்த அடையாளத்தால் கண்டுகொள்வது, நீண்ட கடற்பயணக் கப்பல்களுக்குள் அது எப்படி நுழைந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.